கடலடிப் பிளவு ஆறும் வகை

அசையாப் பொருள் யாதென வினவின், நிலம் என்பதே பெரும்பாலார் தரும் விடையாகும். நிலத்தை நிலையானதெனக் கொண்டே மாந்தர் வீடு கட்டுகின்றனர். வேலி இட்டு எல்லை வகுக்கின்றனர். உறுதி எழுதிக் கைமாற்றுகின்றனர். ஆயின் புவியியலார் காட்டும் நிலம் இத்தகையதன்று. அது ஓயாது நகர்வது, இடையிடையே பிளப்பது, பிளந்தபின் மீளப் பொருந்துவது. இவற்றுள் நகர்தலும் பிளத்தலும் பலராலும் பேசப்படுவன. மூன்றாவதாகிய மீளப் பொருந்துதலோ அரவமின்றி, கண்ணுக்கெட்டா ஆழத்தில், மனித வாழ்நாளினும் நெடிய காலத்தில் நிகழ்வது. ஆதலின் அது பொதுமக்கள் கவனத்துக்கு வந்திலது. எனினும் ஒரு புவிநடுக்கத்துக்கும் அடுத்த புவிநடுக்கத்துக்கும் இடையே நிலம் யாது செய்கின்றது என்பதை அறியாதார், அடுத்ததன் இயல்பையும் அறியமாட்டார். அவ்விடைக்கால வரலாற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி இலங்கையர்க்கு ஏட்டுச் சுரைக்காயன்று. 2004ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26ஆம் நாட் காலையில், சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கப்பால், கடலடிப் பாறையில் 9.1 பருமனுள்ள புவிநடுக்கம் தோன்றிற்று. சுமாத்திராவின் வடபுறத்திலிருந்து நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. அங்ஙனம் ஓடி முடிதற்கு எடுத்த காலம் எட்டு முதற் பத்து நிமிடமே. பாறைகள் ஒன்றன்மேலொன்று சில இடங்களில் 15 மீற்றருக்கும் மேலாக வழுக்கின. மேலெழுந்த கடற்றரை தன்மேல் நின்ற நீர் முழுவதையும் உயர்த்தியது. அந்நீரே ஆழிப்பேரலையாகி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தது. முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை, அம்பாந்தோட்டை, காலி எனக் கரையோர மாவட்டங்கள் அழிவுற்றன. பெரலியவில் புகையிரதம் ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு நீரில் மூழ்கியது. தீவைச் சுற்றி வளைந்துவந்த அலையைக் கொழும்புத் துறைமுகத்தை அடுத்த முகத்துவாரத்துக் கடல்மட்டமானியும் பதிந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லா நாடுகளிலுமாக மாண்டோர் தொகை ஏறத்தாழ 2,30,000 ஆகும்.

இத்துணைப் பெரும் பிளவு உண்டான பின்னர் அப்பாறைகளுக்கு நேர்ந்தது யாது? உடைந்த பாறை உடைந்தபடியே கிடப்பின், அதன்பின் அது சிறிது சிறிதாக வழுக்கிக்கொண்டே செல்லும். மற்றொரு பேரதிர்ச்சிக்கு இடமிராது. பேரதிர்ச்சிகள் மீண்டும் மீண்டும் நிகழ்தலே, பிளவு இடைக்காலத்தில் வலிமை பெற்று இறுகுகின்றது என்பதற்குச் சான்றாகும். இவ்விறுக்கத்தில் இரு செயல்கள் உள. இழந்த வலிமையைப் பாறை மீளப் பெறுதல் ஒன்று. இதனைப் பிளவு ஆறுதல் என்பர். பிளவினூடே நீர் செல்லும் வழிகள் தூர்ந்து மூடப்படுதல் மற்றொன்று. இதனைப் பிளவு அடைபடுதல் எனலாம். இவ்விரண்டும் உடனிகழ்வனவாயினும், பின்னர்க் காட்டப்படுமாறு, விளைவில் ஒன்றற்கொன்று மாறுபடுவதும் உண்டு.

அமிழ்வு வலயம்

புவியின் மேற்பகுதி பல பெருந் தகடுகளாகப் பிரிந்துள்ளது. இரு தகடுகள் எதிர்ப்படுமிடத்தில், எடை மிக்க கடற்றகடு மற்றையதன் அடியிற் சரிந்து செல்லும். இவ்விடமே அமிழ்வு வலயம் எனப்படும். சுமாத்திராவுக்கு மேற்கே ஆழமான கடலகழி ஒன்று நீண்டு கிடக்கின்றது. அங்கே இந்துமாக்கடலின் அடித்தரை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதமமீற்றர் வீதம் கீழிறங்குகின்றது. ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. 2004இல் உடைந்த பகுதியில் அவ்வாறு அமிழும் தகடு பிறிதன்று. இலங்கைத் தீவு எதன்மேல் அமர்ந்துள்ளதோ அந்த இந்தியத் தகடேயாம். மாளிகாவத்தையும் மட்டக்களப்பும் தகட்டின் நடுப்புறத்தே இருத்தலின் ஆங்கு அமைதி நிலவுகின்றது; அத்தகட்டின் கீழ்த்திசை விளிம்பிலோ ஓயாப் போர் நடைபெறுகின்றது.

இரு தகடுகளும் தொட்டுக்கொள்ளும் தளமே பெயர்ச்சிப் பிளவு. இத்தளம் எண்ணெய் பூசிய தட்டுப்போல வழுவழுப்பாக அமைந்திருப்பின், கீழ்த்தகடு தடையின்றி இறங்கிச் செல்லும். ஆயின் தளம் பற்றிக்கொள்கின்றது. கீழ்த்தகடு இறங்க, அதனோடு ஒட்டிய மேற்றகட்டின் விளிம்பும் கீழிழுக்கப்பட்டு, வில்போல் வளைந்து நிற்கின்றது. வளைந்த பாறையிற் சேரும் தகைப்பு, தளத்தின் பிடிப்பு வலிமையை மிஞ்சும் நாளில், பிடிப்பு அறுகின்றது, வில் நிமிர்கின்றது. அதுவே புவிநடுக்கம். எனவே ஒருபுறம் தகைப்பு ஏறுகின்றது. மறுபுறம் பிடிப்பு ஏறுகின்றது. தகைப்பு ஏறுதல் தகட்டு நகர்ச்சியால் ஏறத்தாழச் சீராக நடைபெறுவது. பிடிப்பு ஏறுதல் அங்ஙனமன்று. அதன் வகையை இனிக் காண்போம்.

உராய்வின் மீட்பு

வீட்டில் நெடுங்காலம் ஓரிடத்தில் நின்ற அலுமாரியை நகர்த்த முயன்றோர், முதல் அசைவுக்கே பெருமுயற்சி வேண்டுமென்பதையும், அசைந்தபின் தள்ளுதல் எளிதாவதையும் அறிவர். நிலையுராய்வு இயக்கவுராய்விற் பெரிது என்பது மாணவர் படிக்கும் பௌதிக விதி. ஆயின் நிலையுராய்வு என்பதும் ஒரு நிலையான அளவன்று. பொருள் ஓய்ந்திருக்கும் நேரம் கூடக்கூட அதுவும் கூடும். இதனைப் பிரான்சிய அறிஞர் கூலோம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மரப்பலகைகளைக் கொண்டு செய்த சோதனைகளிற் கண்டறிந்தார். 1970களில் அமெரிக்கப் புவிப்பௌதிகர் சேம்சு தீற்றரிக்கு அவ்வுண்மை பாறைக்கும் பொருந்துமெனக் காட்டினார்.

இதன் காரணம் தொடுகைப் பரப்பிலே உள்ளது. இரு பாறைமுகங்கள் கண்ணுக்குச் செவ்வையாகப் பொருந்தியனபோலத் தோன்றினும், உண்மையிற் சில நுண்ணிய முகடுகளிலேயே ஒன்றையொன்று தொடுகின்றன. சுமை முழுவதையும் அச்சிறு புள்ளிகளே தாங்குதலின் அங்கே அமுக்கம் மிகப் பெரிதாகும். அவ்வமுக்கத்தால் முகடுகள் மெல்ல நசுங்கிப் பரக்கின்றன. தொடுபரப்புப் பெருகப் பெருகப் பிடிப்பும் பெருகுகின்றது. ஒளிபுகும் பொருள்களை ஒன்றோடொன்று அழுத்தி, தொடுபுள்ளிகள் நேரத்தோடு விரிதலைத் தீற்றரிக்கும் அவர்தம் துணைவரும் 1994இல் நேரிற் படமெடுத்துக் காட்டினர்.

இவ்வளர்ச்சி ஒரு தனிப்பட்ட கணக்கைப் பின்பற்றுகின்றது. ஓய்வுநேரம் பத்து மடங்காகுந்தோறும் பிடிப்பு ஏறத்தாழ ஒரே அளவு ஏறும். முதல் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை எவ்வளவு ஏறுமோ, அவ்வளவே பத்தாம் நாளிலிருந்து நூறாம் நாள்வரையும், நூறாம் நாளிலிருந்து ஆயிரமாம் நாள்வரையும் ஏறும். பெரும்பாலான பாறைகளின் உராய்வுக் குணகம் 0.6 அளவினது, ஒவ்வொரு பதின்மடங்குக்கும் அது 0.01 அளவே கூடுகின்றது. தனித்து நோக்கின் இது சிறிதாகத் தோன்றும். ஆயின் பல கிலோமீற்றர் பாறையின் சுமை மேலே கிடத்தலின், அச்சிறு பின்னமும் பெருவிசையாகப் பெருகும். மேலும், ஆறுதலின் பெரும்பங்கு அதிர்ச்சிக்குப் பின்வரும் முதற்காலத்திலேயே நிகழ்ந்துவிடும் என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

நீரும் சிலிக்காவும்

உலர்ந்த உராய்வு ஒன்றே பிளவை ஆற்றுவதன்று. அமிழ்வு வலயம் நீர் மிக்க இடம். அமிழும் தகடு கடற்சேற்றையும், அச்சேற்றின் துளைகளிலுள்ள நீரையும், கனியங்களுள் கட்டுண்ட நீரையும் உடன்கொண்டு இறங்குகின்றது. ஆழத்தில் வெப்பமும் அமுக்கமும் ஏற, கட்டுண்ட நீர் விடுபடுகின்றது. இந்நீரே பாறையைக் கரைத்தும் படிவித்தும் ஒட்டும் கொற்றனாகும்.

மாரிகாலத்திற் கொட்டாஞ்சேனை வீட்டு அடுக்களையில் உப்புச் சாடியைத் திறந்தால், உதிரியாக இட்ட உப்புக் கட்டிபட்டிருத்தலைக் காணலாம். காற்றிலிருந்த ஈரம் உப்புமணிகளின் மேற்பரப்பைச் சிறிது கரைத்தது. கரைந்தது மணிகள் தொடுமிடங்களில் மீளப் படிந்து அவற்றை ஒட்டியது. பிளவினுள் நடப்பதும் இதுவே. அதிர்ச்சியின்போது பிளவுத்தளத்துப் பாறை அரைபட்டு மாவாகின்றது. அம்மாவின் மணிகள் ஒன்றையொன்று அழுத்துமிடங்களிற் கனியம் எளிதிற் கரைகின்றது; அழுத்தம் குறைந்த துளைகளுட் சென்று படிகின்றது. மணிகள் நெருங்குகின்றன, துளைகள் சுருங்குகின்றன, உதிரி மா மீண்டும் பாறையாகின்றது. பட்டுப்போன சாந்துக்கும் மணலுக்கும் உள்ள வேறுபாடே ஆறிய பிளவுக்கும் ஆறாப் பிளவுக்கும் உள்ள வேறுபாடாகும்.

இவ்வேலையில் முதன்மை பெறுவது சிலிக்கா. குவாட்சு என்னும் படிகக்கல்லின் பொருள் அதுவே. தண்ணீரிற் கரையாததெனக் கருதப்படும் இக்கல், வெப்பமும் அமுக்கமும் மிக்க ஆழநீரிற் குறிப்பிடத்தக்க அளவு கரையும். கரைசல் மேலெழுந்து குளிருமிடத்தும், அமுக்கம் திடீரெனக் குறையுமிடத்தும், சிலிக்கா பிரிந்து படியும். ஆறிய பாகிலே நூலைப் பற்றிக் கற்கண்டு வளர்தல்போலப் பிளவின் இரு சுவர்களிலும் படிகங்கள் வளர்ந்து நடுவே சந்திக்கின்றன. வெப்பம் குறைந்த மேற்பகுதிகளிற் கல்சைட்டு என்னும் சுண்ணக்கனியமும் இவ்வேலையைச் செய்யும். நுண்ணிய குவாட்சுத் தூளை நீரோடு சேர்த்து மூடி, ஆழத்துக்குரிய வெப்பமும் அமுக்கமும் ஊட்டிய ஆய்வுகூடச் சோதனைகளில், சில மணி நேரத்துக்குள்ளேயே மணிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியமை காணப்பட்டது. ஆழத்துப் பிளவுகள் முன்னர் எண்ணியதினும் விரைவில் ஆறுகின்றன என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் அடைபடுதலுக்கு மறுபக்கமும் உண்டு. வழிகள் அடைபடவே கீழிருந்து வரும் நீர் சிறைப்படுகின்றது. சிறைப்பட்ட நீரின் அமுக்கம் நாளடைவில் ஏறி, மேற்பாறையின் சுமையில் ஒரு பகுதியைத் தானே தாங்கத் தொடங்கும். வெந்நீரிற் கழுவிய குவளையை ஈரமேசைமேற் கவிழ்த்து வைத்தால், உள்ளிருக்கும் காற்று வெப்பத்தால் விரிந்து குவளையைச் சிறிது தூக்க, அது தானாக வழுக்கிச் செல்வதைக் காண்கின்றோம். சிறைப்பட்ட நீரும் பிளவின் பிடிப்பை அவ்வாறே தளர்த்தும். பிளவு அறுந்தவுடன் வழி திறந்து நீர் பீறிட்டு வெளியேறும், அமுக்கம் தணியும், சிலிக்கா படியும், வழி மீண்டும் அடையும். நியூசிலாந்துப் புவியியலறிஞர் இரிச்சாட்டு சிப்சன், பிளவு ஒரு வால்வுபோலத் தொழிற்படுகின்றதென இதனை விளக்கினார். ஆகவே அதே படிவு ஒருபால் பாறையை ஒட்டி வலுவூட்டுகின்றது. மற்றொருபால் நீரைச் சிறைப்படுத்தி வலுக்குறைக்கின்றது. எது மிகும் என்பது அவ்வவ் விடத்து வெப்பம், பாறை, நீர்வரத்து ஆகியவற்றைப் பொறுத்தது.

கண்டறிந்த சான்றுகள்

பல கிலோமீற்றர் ஆழத்தில் நிகழ்வதை மாந்தர் அறிந்தது எங்ஙனம்? மூவகைச் சான்றுகள் உள.

முதலாவது, மேலே வந்துவிட்ட பழம் பிளவுகள். யப்பானின் சிமாந்தோ வலயத்திலும் அலாசுக்காவின் கோடியாக்குத் தீவிலும், ஒருகால் அமிழ்வு வலயத்து ஆழத்திற் கிடந்த பாறைகள் பல கோடி ஆண்டுகளில் உயர்ந்து நிலமட்டத்தில் வெளிப்பட்டுள்ளன. அவற்றில் வெண்ணிறக் குவாட்சு நாளங்கள் எங்கும் பின்னிக் கிடக்கின்றன. உருப்பெருக்கியால் நோக்கின், ஒரு நாளமே மயிரிழையினும் நுண்ணிய பல படைகளால் ஆனதெனத் தெரியும். ஒவ்வொரு படையும் ஒருமுறை வெடித்து ஒருமுறை மூடியதன் பதிவாகும். இவ்வெடித்து மூடும் முறையைச் சோன் இராம்சே என்னும் அறிஞர் 1980இல் விளக்கி எழுதினார்.

இரண்டாவது, அதிர்ச்சிக்குப் பின்னர்த் துளையிட்டு அளத்தல். 1995ஆம் ஆண்டு யப்பானின் கோபே நகரை அழித்த புவிநடுக்கத்துக்குப் பின், நொசிமாப் பிளவில் ஆழ்துளையிட்டு, சில ஆண்டு இடைவெளிகளில் நீரை உட்செலுத்திப் பார்த்தனர். முதன்முறை எளிதிற் பரவிய நீர், பின்னர்ப் பின்னர்த் தடைப்பட்டது. சீனாவின் வென்சுவானில் 2008இல் நிகழ்ந்த 7.9 பருமன் அதிர்ச்சிக்குப் பின் செய்த ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. திங்களின் ஈர்ப்பாற் கடல் மட்டுமன்றி நிலமும் சிறிதே ஏறி இறங்குகின்றது. அதனோடு ஆழ்துளையின் நீர்மட்டமும் அசைகின்றது. பாறையில் நீர் எவ்வளவு எளிதாகச் செல்கின்றதோ அதற்கேற்ப அவ்வசைவின் தன்மை மாறும். 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஒன்றரை ஆண்டுக் காலம் இதனை அளந்து, பிளவு இடைவிடாது அடைபட்டு வருதலை ஆய்வாளர் கண்டனர். தொலைதூரத்துப் பேரதிர்ச்சி அலைகள் வந்து தாக்கியபோது, அடைபட்டவை திடீரெனச் சற்றுத் திறந்து, பின்னர் மீண்டும் அடைபட்டன. இவ்விரண்டும் நிலத்துப் பிளவுகளேயாயினும், அவை காட்டும் விதி கடலடிக்கும் ஏற்றதே.

மூன்றாவது, புவிநடுக்க அலைகளின் வேகம். உடைந்து நொறுங்கிய பாறையில் அலை மெதுவாகவும் ஒட்டிய பாறையில் விரைவாகவும் செல்லும். கலிபோர்னியாவில் 1992ஆம் ஆண்டு இலாண்டேசு அதிர்ச்சிக்குப் பின்னர், பிளவினூடே சென்ற அலைகளின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக ஏறியமை அளந்தறியப்பட்டது. புண் ஆறுவதை மருத்துவர் தொட்டறிதல் போன்றது இது.

சுமாத்திராக் கடலடியிற் கண்டது

2004இல் உடைந்த பிளவைப் பற்றிய தனி ஆராய்ச்சி ஒன்று கொழும்புத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது என்பது பலர் அறியாதது. 2016ஆம் ஆண்டு ஆவணியில், பன்னாட்டுக் கடலடி ஆராய்ச்சித் திட்டத்தின் 362ஆம் பயணமாக, சோயிடசு இரெசொலூசன் என்னும் துளையிடு கப்பல் கொழும்பிலிருந்து சென்றது. இலீசா மக்னீல், பிராண்டன் தூகன் என்போர் அதன் தலைமை விஞ்ஞானிகள். அகழிக்கு அப்பால், இன்னும் அமிழாத கடற்றரையில், நான்கு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீராழத்தில் அவர்கள் இரு இடங்களிற் துளையிட்டு, தரைக்குக் கீழ் ஏறத்தாழ 1,400 முதல் 1,500 மீற்றர் வரை சென்றனர். நாளைப் பிளவுத்தளமாகப் போகும் படிவை இன்றே எடுத்துச் சோதித்தலே நோக்கம்.

அப்படிவுகளின் பெரும்பகுதி இமயத்திலிருந்து வந்தது. கங்கையும் பிரமபுத்திராவும் அரித்துக் கொணர்ந்த மணலும் சேறும் வங்கக்கடலைத் தாண்டி, 90 இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாக அக்கடலடியிற் குவிந்துள்ளன. அகழியருகே அக்குவியலின் தடிப்பு 4 முதல் 5 கிலோமீற்றர். போர்வையிட்டாற்போன்ற இக்கனத்த மூடலால் அடிப்படிவுகள் அமிழ்வதற்கு முன்னரே சூடேறுகின்றன. அடிப்படிவிலே நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் உள. அவை நீரைத் தம்முட் கட்டிவைத்திருப்பவை. சூடேறியபோது அந்நீர் விடுபட்டுச் சிலிக்கா குவாட்சாக மாறத் தொடங்கிவிட்டது. துளையின் அடிப்பகுதியில் எடுத்த நீர் கடல்நீரினும் உப்புக் குறைந்து நன்னீர் கலந்திருந்தமையே இதற்குச் சான்று. 2017இல் இம்முடிவு வெளியிடப்பட்டது.

இதன் பொருள் யாது? பிற அமிழ்வு வலயங்களிற் சேறு மெத்தென்ற நிலையில் உட்சென்று, ஆழத்தை அடைந்தபின்னரே இறுகும். அங்கே அகழியை ஒட்டிய மேற்பகுதி வலுவற்றதாதலின் பெரும்பாலும் தகைப்பைச் சேமிப்பதில்லை. சுமாத்திராவிலோ படிவு நீரிழந்து, ஒட்டி, இறுகிய பின்னரே வாயிலை அடைகின்றது. ஆகவே பிளவின் மேற்பகுதியும் பற்றிக்கொள்ளும் வலிமை பெறுகின்றது. அறும்போது வழுக்கல் அகழியருகு வரை செல்கின்றது. ஆழங்குறைந்த பகுதி பெரிதும் வழுக்குமாயின் கடற்றரை மிக உயரும். அலையும் மிகப் பெரிதாகும். 2004இல் நேர்ந்தது அதுவே. அழிவின் அளவைக் குறித்ததில் சிலிக்காவின் இம்மெல்லிய இரசாயன மாற்றத்துக்கும் பங்குண்டு.

ஆறாப் பிளவுகள்

எல்லாப் பிளவும் ஒரே தன்மையில் ஆறுவதில்லை. நியூசிலாந்தின் வடதீவுக்குக் கிழக்கேயுள்ள இக்குராங்கி அமிழ்வு வலயத்தில், ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதிர்ச்சி எதுவுமின்றிப் பிளவு சில வாரங்கள் மெல்ல வழுக்கி ஓய்கின்றது. இதனை மென்வழுக்கல் என்பர். அங்குக் கடலடியில் எடுத்த களிமிக்க பாறைகளைச் சோதித்த சிறீசரண் சிறீதரனும் உடனாய்வாளரும், அக்களி ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ வலிமையே பெறுவதில்லை என 2023இல் அறிவித்தனர். ஆறாத பிளவு சிறு தகைப்புக்கும் விட்டுக்கொடுக்கும். ஆதலின் அடிக்கடி மெல்ல வழுக்கும். நன்கு ஆறும் பிளவே நெடுங்காலம் பொறுத்துப் பெரிதாக அறும். உடலிற் புண் ஆறுதல் நலத்தின் அறிகுறி. நிலத்திலோ நன்கு ஆறுதல் பெருஞ்சேமிப்பின் அறிகுறி.

எனினும் களியுள்ள இடமெல்லாம் அச்சமற்றது என முடிவு செய்தல் தவறாம். 2011ஆம் ஆண்டு பங்குனி 11இல் யப்பானின் தோகொக்குக் கரைக்கப்பால் நிகழ்ந்த 9 பருமன் அதிர்ச்சியில், அகழியருகே பிளவு ஏறத்தாழ 50 மீற்றர் வழுக்கியது. மறு ஆண்டு சிக்கியு என்னும் கப்பல் அங்குத் துளையிட்டபோது, பிளவு சில மீற்றர் தடிப்புள்ள மெல்லிய களிப்படையே எனத் தெரிந்தது. கீழிருந்து வேகமாக வந்த வழுக்கலைத் தடுக்கும் ஆற்றல் அக்களிக்கு இல்லை. 2010ஆம் ஆண்டு ஐப்பசி 25இல் சுமாத்திராவின் மெந்தவாய்த் தீவுகளுக்கப்பால் 7.8 பருமனுள்ள அதிர்ச்சி ஒன்று, ஆழங்குறைந்த பகுதியில் மெதுவாக ஓடி, எதிர்பார்த்ததினும் பெரிய அலையை எழுப்பி 400க்கும் மேற்பட்டோரைக் கொன்றமையும் நினைக்கத்தக்கது.

முருகைக்கற்கள் காத்த வரலாறு

சுமாத்திராப் பிளவு கடந்த நூற்றாண்டுகளில் எவ்வாறு ஆறியும் அறுந்தும் வந்தது என்பதை அறிவிப்பன அக்கரையின் முருகைக்கற்களாம். முருகைக்கல் கடல்வற்றின் மட்டத்துக்கு மேல் வளராது. பிளவு பற்றிக்கொண்டு தீவு மெல்ல அமிழுங்கால், கல் மேல்நோக்கி வளரும். அதிர்ச்சியால் தீவு உயருங்கால் தலைப்பகுதி காய்ந்து இறக்கும். மரத்தின் வளையங்கள்போல அதற்கும் ஆண்டு வளையங்கள் உண்டு. கெரி சீ, தானி நாத்தவிசாசா முதலிய அறிஞர் இவற்றை அறுத்து ஆராய்ந்து, மெந்தவாய்ப் பகுதி ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்கு ஒருமுறை, ஒன்றல்ல பல பேரதிர்ச்சிகளாக, தன் சேமிப்பை விடுவித்து வந்ததைக் கண்டனர். 1797, 1833ஆம் ஆண்டுகளின் அதிர்ச்சிகள் அவ்வரிசையின. 2007இல் நிகழ்ந்த 8.4 பருமன் அதிர்ச்சி அதன்பின் சேர்ந்த தகைப்பில் ஒரு பகுதியையே தீர்த்தது. எஞ்சியது சிபெரூத்துத் தீவின் அடியில் இன்னும் நிற்கின்றது.

சிமெலுவே என்னும் தீவின் கற்கள் இன்னும் வியப்பான செய்தியைத் தந்தன. 1861ஆம் ஆண்டுப் பேரதிர்ச்சிக்கு முன்னர், 1829 முதல் 32 ஆண்டுகள் அத்தீவு வழக்கத்தினும் விரைவாக அமிழ்ந்தது. பிளவின் மேற்பகுதி அக்காலம் முழுதும் மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தது என்பதே இதன் விளக்கம் எனச் சிங்கப்பூர் ஆய்வாளர் 2021இல் வெளியிட்டனர். ஆறிய பகுதியும் ஆறாப் பகுதியும் ஒரே பிளவில் அடுத்தடுத்து உள என்பதும், ஒன்றன் மென்வழுக்கல் மற்றதன்மேற் சுமையேற்றும் என்பதும் இதனால் தெளிவாகும்.

இனி, 2004இல் அறுந்த பகுதி மீண்டும் எப்போது அறும்? 10 முதல் 20 மீற்றர் வழுக்கலுக்கு ஈடான தகைப்பு, ஆண்டுக்கு 4 முதல் 5 சதமமீற்றர் வீதம் சேர, 200 முதல் 500 ஆண்டு வேண்டும் எனக் கணக்கிடலாம். தாய்லாந்து, அச்சே ஆகிய கரைகளிற் கிடைத்த மணற்படைகளும் முந்திய ஒத்த அலை ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் வந்ததெனக் காட்டுகின்றன. ஆயின் இக்கணக்கை நாட்காட்டியாகக் கொள்ளலாகாது. அச்சேயின் கரையோரக் குகையொன்றில், 7,400 ஆண்டுகளுக்கும் 2,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்து ஆழிப்பேரலைப் படைகள் பதினொன்று அடுக்கடுக்காகக் கிடைத்தன. அவற்றுள் ஓரிடைவெளி 2,000 ஆண்டுக்கும் மேற்பட்டது. வேறொரு காலத்திலோ ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே பல அலைகள் வந்துள்ளன. ஆறுதலின் வேகம் இடத்துக்கு இடம் மாறுதலாலும், ஒரு பகுதியின் வழுக்கல் அயற்பகுதியைத் தாக்குதலாலும் இவ்வொழுங்கின்மை உண்டாகின்றது. 2004இன் அதிர்ச்சிக்கு மூன்று மாதம் கழித்து, 2005 பங்குனி 28இல், அதனை அடுத்த நியாசுப் பகுதி 8.6 பருமனோடு அறுந்தமை இதற்குக் கண்கூடான சான்று.

இலங்கைக்கு இவற்றாற் பெறப்படுவன மூன்று. ஒன்று, அலை பிளவுக்குச் செங்குத்தான திசையிலேயே மிகு வலிமையோடு செல்லும். மெந்தவாய்ப் பகுதி தென்மேற்குத் திறந்த கடலை நோக்கியது. வட சுமாத்திராவும் அந்தமானும் சேர்ந்த பகுதியே இலங்கையை நேரே நோக்கியது. இரண்டு, அதிர்ச்சியின் பருமன் மட்டும் அலையை அளக்காது. 2012 சித்திரை 11இல் நிகழ்ந்த 8.6 பருமன் அதிர்ச்சி தகட்டின் உள்ளேயே பக்கவாட்டாக நிகழ்ந்தமையாற் கடற்றரை பெரிதும் உயரவில்லை. கரையோர மக்கள் உள்நாட்டுக்கு விரைந்தபோதும் பேரலை வரவில்லை. அன்று விரைந்தது வீண் என எண்ணலாகாது. அதிர்ச்சி நிகழ்ந்த சில நிமிடங்களில் அதன் வகையைத் தெளிதல் அரிது. மூன்று, பிளவின் அமைதி அதன் ஓய்வன்று. ஓசையின்றிக் கிடக்கும் பிளவே பற்றியிருக்கும் பிளவு.

எலும்பு முறிந்தவன் கட்டு அவிழ்த்தபின் அச்சந் தீர்ந்தான் எனலாம். நிலத்துக்கு அவ்வுவமை பொருந்தாது. அது ஆறுந்தோறும் அடுத்த முறிவுக்கு வேண்டிய வலிமையைத் திரட்டுகின்றது. சிமெலுவே மக்கள் 1907ஆம் ஆண்டு பேரலையை மறவாது, நிலம் நெடிது நடுங்கிக் கடல் பின்வாங்கின் மேட்டுக்கு ஓடுக என்னும் அறிவுரையைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004இல் அத்தீவில் அலையால் இறந்தோர் ஒரு சிலரே. நூறாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் ஒரு நினைவு காக்கப்பட்டமையால் பல்லாயிரவர் பிழைத்தனர். இலங்கைக் கரையிலோ நிலம் நடுங்கியதைப் பெரும்பாலோர் உணரவில்லை. கடல் பின்வாங்கியதைக் கண்டோர் அதன் பொருளை அறிந்திலர். சிலர் மீனும் சங்கும் பொறுக்க ஓடினர்.

இன்று இந்துமாக்கடல் எச்சரிக்கை அமைப்பு உண்டு. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் அதன்வழி வந்த நிலையமும் உண்டு. ஆண்டுதோறும் மார்கழி 26இல் காலை 9.25 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படுகின்றது. வெள்ளவத்தைப் புகையிரதப் பாதையோரத்துக் கடல் அவ்வேளையிலும் அமைதியாகவே இருக்கும். கருவிகள் பிறர் காவலில் இருப்பன. அலையின் அறிகுறியை அறியும் அறிவோ ஒவ்வொரு மாணவனும் தன்னோடு கொண்டு செல்லத்தக்கது. பிளவு ஆறுதற்கு நூற்றாண்டுகள் எடுக்கும்; மக்கள் மறத்தற்கு ஒரு தலைமுறை போதும். இவ்விரு காலங்களின் வேறுபாட்டிலேயே இடர் உறைகின்றது. அவ்வேறுபாட்டை நிரப்ப வல்லது கல்வி ஒன்றேயாம்.